சண்டைக்குப் போன மருமகள்

சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, சண்டைக்குப் போனாள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காலையிலிருந்து பட்டம்மாளிடம் மூன்று தரம் சொல்லிவிட்டேன். எதிர் வீடுதான், முப்பது வருஷப் பழக்கம், காதும் நன்றாகவே கேட்கிறது.

“நேத்து காலைல உன் மருமவ பைய மாட்டினு போனா. எங்கம்மான்னு கேட்டேன். சண்டைக்குன்னா. என் காதால கேட்டேன்க்கா.”

“ஆமா, சண்டைக்குத்தான் போனா.”

“அப்ப சண்டதான?”

“சண்டதான். எங்களோட இல்ல.”

“உன் கை இன்னாத்துக்குக் கட்டுல தொங்குது?”

நான் பதில் சொல்வதற்குள் குழாயடியில் அவள் குடம் நிரம்பிவிட்டது. ஆராதனை முடிந்து நான் வீடு திரும்புவதற்குள் கதையும் நிரம்பிவிட்டது. என் மருமகள் தேவகிருபை என் கையை உடைத்தாளாம். என் மகன் எலியாஸ் ஏன் என்று கேட்டானாம், அவனையும் வாசலில் தள்ளிவிட்டுப் பெட்டி படுக்கையோடு கிளம்பிவிட்டாளாம். ஆண்பிள்ளைகளோடு கட்டிப் புரண்டு பழகியவள் வேறு என்ன செய்வாள் என்று கடைசியில் ஒரு வால்.

பெட்டியும் இல்லை, படுக்கையும் இல்லை. தோளில் மாட்டுகிற ஒரு பை. அவள் போகிற வகுப்பில் ஆண்பிள்ளை ஒருவரும் கிடையாது, மாஸ்டர் முதல் எல்லாரும் பெண்கள். கை உடையவில்லை, பிசகியது. அதற்குக் காரணம் நான்.

கையை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். அவள் பழகுவதற்குப் பெயர் ஜுஜிட்சு. எனக்கு அது வாயில் நுழைய ஒரு வாரம் ஆனது. நெமிலிப் பக்கம் நான் பிறந்த ஊரில் இதை மல்லுக்கட்டு என்போம். அடி, உதை எதுவும் இல்லை. கட்டிப்பிடித்து, கீழே சாய்த்து, எழுந்திருக்க விடாமல் அமுக்கவேண்டும், இல்லையென்றால் கையையோ காலையோ மடக்கவேண்டும். மடக்கப்பட்டவர் எதிராளியின் மேலோ தரையிலோ இரண்டு தட்டுத் தட்டினால் போதும், விடு என்று அர்த்தம். அடுத்த நொடி விட்டுவிடுவார்கள். இந்த ஒரு சட்டத்தின்மேல்தான் அந்த வித்தையே நிற்கிறதாம். கையை மடக்குவது எப்படி என்று எனக்குக் காட்டு என்றேன். மாட்டேன் என்றாள். நாலு நாள் கேட்டேன். ஐந்தாம் நாள் கட்டிலில் உட்காரவைத்துக் கையைப் பிடித்தாள்.

“வலிக்கறதுக்கு முன்னாடியே தட்டிடுங்க அத்தை.”

“நீ மடக்கு.”

“தட்டுங்க.”

“இன்னும் வலிக்கல.”

“வலிச்ச பிறகு தட்றது இல்ல அத்தை இது. தட்டுங்க.”

நான் தட்டவில்லை. எழுபது வயதில் மருமகளிடம் போதும் என்று தட்டி எனக்குப் பழக்கமில்லை. அவளாகவே விட்டுவிட்டாள். விட்டது தெரியாமல் நான் வெடுக்கென்று இழுத்தேன், அப்போதுதான் முழங்கை பிசகியது. கட்டுப் போட்ட டாக்டரிடமும் இதை இப்படியே சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை.

இனி அவளைப் பற்றி. கிருபைக்கு முப்பத்தெட்டு வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருஷமாகச் செக்கராக இருக்கிறாள். தைத்து முடிந்த ஷூவின் மேல்பாகம் ஜோடி ஜோடியாக அவள் மேஜைக்கு வரும். விரலால் தையலைத் தடவுவாள், மடித்துப் பார்ப்பாள், வெளிச்சத்தில் திருப்புவாள். குறை இருந்தால் சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டி ஒதுக்கிவிடுவாள். சரியாக இருந்தால் இடது கையால் மேஜையில் இரண்டு தட்டு. மிஷின் இரைச்சலில் பாஸ், பாஸ் என்று கத்திக்கொண்டிருக்க முடியாது. தட்டினால் மேஜை அதிரும், பக்கத்தில் நிற்கிற முத்துமாரி அந்த ஜோடியை எடுத்துப் பெட்டியில் அடுக்கிவிடுவாள். ஒரு நாளைக்கு அறுநூறு ஜோடி.

அந்தக் கை வீட்டுக்கும் வந்துவிட்டது. தோசை முறுகலாக வந்தால் தட்டு ஓரத்தில் இரண்டு தட்டு. பிரசங்கம் நன்றாக இருந்தால் கோவில் பெஞ்சில் இரண்டு தட்டு, போதகர் ஐயா ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். என் பேத்தி அக்சா பிறந்து, நர்ஸ் அவளைத் தூக்கிக் கொடுத்தபோது கிருபை என்ன செய்தாள் தெரியுமா? கை விரல், கால் விரல் எல்லாம் பார்த்தாள், திருப்பி முதுகைப் பார்த்தாள், முதுகில் இரண்டு தட்டு. நர்ஸ் குழந்தைக்கு ஏப்பம் வருவதற்கு என்று நினைத்தாள்.

குனிந்தே நின்று நின்று கிருபைக்குக் கழுத்து வலி. உமைமா என்று ஒரு பெண், பெங்களூரில் படித்துவிட்டு வந்து, பஜார் பக்கம் உடம்பு வலிக்குப் பயிற்சி கொடுக்கிற கிளினிக் வைத்திருக்கிறாள். இவளைவிடப் பத்து வயது சின்னவள், இருந்தாலும் இவள் அவளை மிஸ் என்பாள், அவள் இவளை அக்கா என்பாள். அந்த உமைமா யாரிடமோ போனில், சாயந்தரம் மாடியில் மேட் கிளாஸ், லூசாக டிரஸ் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கிருபை அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். பாயில் படுக்கவைத்துக் கழுத்தைப் பிடித்துவிடுவார்கள் என்று நினைத்துப் போனாள். கழுத்தைப் பிடிக்கத்தான் பிடித்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது தலைமுடி ஒரு பக்கமும் கிளிப் ஒரு பக்கமுமாக இருந்தது.

“இன்னாடி, கழுத்து வலி எப்படி இருக்குது?”

“தெரியல அத்தை. மத்த எல்லா இடமும் வலிக்குது. ஒரு காலேஜ் பொண்ணு என் மேல உக்காந்துட்டா. எழுந்துக்கவே முடியல.”

“எதுக்கு உக்காந்தா?”

“அதான் கிளாஸ்.”

சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு, நாளைக்கும் போகிறேன் என்றாள்.

வாரத்துக்கு மூன்று சாயந்தரம் போனாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து நேரே அங்கே இறங்கிக்கொள்வாள். முதல் இரண்டு மாதம் யாரையும் அவள் அமுக்கவில்லை, அவளைத்தான் எல்லாரும் அமுக்கினார்கள். இவள் தட்டுவாள், அவர்கள் விடுவார்கள், மறுபடி ஆரம்பிப்பாள். இதில் உனக்கு என்ன இருக்கிறது என்று நான் கேட்டதற்கு அவள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

“அங்க பதினாறு வருஷமா எவளோ தெச்சத நான் பாக்கறேன். இங்க நானே தெக்கறேன் அத்தை. கோணலாத்தான் வருது. ஆனா என்னுது.”

நாலாம் மாதம், வகுப்பு நடத்துகிற உமைமாவையே ஒரு தடவை கீழே சாய்த்துவிட்டாளாம். அன்று எங்கள் எல்லாருக்கும் முட்டை தோசை போட்டாள், காரணம் சொல்லவில்லை. அக்சாதான் கேட்டு வாங்கினாள்.

எலியாஸ் அதுவரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஜோலார்பேட்டையில் ரயிலைத் தடம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். ஷிப்டு மாறி மாறி வரும், தூங்கி எழுந்து போவதற்கே நேரம் சரியாக இருக்கும். அவனைக் கிளப்பிவிட்டது அந்த உடுப்புதான். மல்லுக்கட்டுக்கு என்று ஒரு உடுப்பு இருக்கிறது. முரட்டு வெள்ளைத் துணியில் நீளக் கை வைத்த அங்கி, இடுப்பில் கட்ட ஒரு வெள்ளைப் பட்டை. துவைத்து மாடிக் கொடியில் போட்டிருந்தாள். எங்கள் தெருக்கோடியில், வெள்ளை அங்கி போட்டுத் தண்ணீரில் முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற வேறொரு சபை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் போதகர் ஐயாவும் அவர் வீட்டு அம்மாவும் வந்துவிட்டார்கள்.

டீ குடித்தார்கள். மழை இல்லை என்றார்கள். எந்தச் சபையில் இருந்தாலும் கர்த்தர் ஒருவரே என்று ஐயா ஆரம்பித்தார்.

“ஆனாலும் எலியாஸ், உங்க அப்பா காலத்துல இருந்து நம்ம சபையில இருக்கிற குடும்பம். மனசுல குறை ஏதும் இருந்தா சொல்லியிருக்கலாமே.”

“எனக்கு ஒரு குறையும் இல்லீங்களே ஐயா.”

“அப்ப முழுக்கு எடுக்கறது யாரு? மாடியில அங்கி காயுதே.”

கிருபை மாடிக்குப் போய் அதை எடுத்து வந்து காட்டினாள். எங்கே பிடிப்பது, எப்படி இழுப்பது என்றும் சொன்னாள். ஐயா காலரைப் பிடித்துப் பார்த்து, கெட்டித் துணிதான் என்றார். அம்மா, மூட்டு வலிக்கு இது கேட்குமா என்று விசாரித்தார். ஜெபம் பண்ணிவிட்டு சந்தோஷமாகத்தான் போனார்கள். ஆனால் எலியாஸுக்கு முகமே இல்லை.

“ரயில்வேல கேக்கறான், உன் வீட்டுக்காரி குஸ்தி போடறாளாமேன்னு. இப்ப சபை வரைக்கும் வந்துடுச்சு. பேஜாரா இருக்குது கிருபை.”

“நான் யாரயும் ஒண்ணும் பண்ணலியே.”

“ஒண்ணு செய். வேலூர்ல போட்டின்னு சொன்னியே, அதுல கலந்துக்க. ஜெயிச்சன்னா போயினே இரு, நான் வாயே தொறக்க மாட்டேன். தோத்தன்னா அதோட விட்டுடணும்.”

“எப்பவுமா?”

“எப்பவும்.”

அவள் கையை நீட்டி அவன் கையில் வைத்தாள். எங்கள் வீட்டில் கையில் கை வைத்தால் அது வாக்கு. அன்றிலிருந்து அந்த வகுப்பு அவளுக்கு இருக்குமா இருக்காதா என்பது அந்த ஒரு போட்டியில் வந்து நின்றது.

வேலூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. நான், எலியாஸ், அக்சா மூன்று பேரும் போனோம். எனக்கு எழுத்து தெரியாது, பலகையில் இருந்ததை அக்சாதான் படித்தாள்: அறுபத்து நாலு கிலோவுக்குள், புதியவர்கள், பெண்கள். அந்தப் பிரிவில் வந்திருந்ததே இரண்டு பேர். இவளும், காட்பாடியிலிருந்து வந்த எப்சி என்கிற கல்லூரிப் பெண்ணும். ஜெயித்தால் முதல் பரிசு, தோற்றால் இரண்டாம் பரிசு. கிருபை வாக்குக் கொடுக்கும்போது இரண்டாம் பரிசைப் பற்றி யாரும் பேசியிருக்கவில்லை.

ஐந்து நிமிஷப் போட்டி. முதல் நிமிஷம் இரண்டு பேரும் காலரைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்கள். அக்சா நகத்தைக் கடித்தாள். பிறகு கிருபை அந்தப் பெண்ணின் காலை வாரினாள். இரண்டு பேரும் விழுந்தார்கள். அந்தப் பெண் காலை வைத்துத் தடுத்தாள், இவள் அந்தக் காலை ஒதுக்கிவிட்டுப் பக்கவாட்டில் போய் மார்போடு மார்பாக அமுக்கினாள். ஒரு கை கழுத்துக்கு அடியில், முழங்கால் இடுப்பை ஒட்டி. அந்தப் பெண் துள்ளினாள், கிருபையின் பிடி அசையவில்லை. கிருபைக்குப் பாயிண்ட் ஏறியது. உமைமா, “அப்படியே இருங்க அக்கா, அப்படியே!” என்று கத்தினாள். எனக்கு மல்லுக்கட்டு தெரியாது, ஆனால் மூட்டை இறுக்கமாகக் கட்டியிருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் தெரியும். இறுக்கமாகக் கட்டியிருந்தது.

கிருபை தலையைத் தூக்கித் தன் பிடியைத் தானே ஒரு தரம் பார்த்தாள். முழங்கால் சரியாக இருந்தது. கை சரியாக இருந்தது. இடது கை சும்மா இருந்தது. அந்தப் பெண்ணின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

ரெஃப்ரி ஊதிவிட்டார்.

அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்தாள். தான் ஜெயித்துவிட்டது அவளுக்கே புரியவில்லை.

“எதுக்கு ஆன்ட்டி தட்டினீங்க?”

“நல்லா வந்துச்சும்மா,” என்றாள் கிருபை. சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் சும்மா இருப்பேனா? ரெஃப்ரி மேஜைக்குப் போனேன்.

“சார், அது தோத்த தட்டு இல்ல. பாஸ் தட்டு.”

“பாட்டி, தட்டினா தட்டினதுதான்.”

“மேல இருக்கறவ எதுக்கு சார் தட்டுவா? உங்களுக்கே தெரியலையா? ஆம்பூர்ல எந்தக் கம்பெனில வேணா போய்க் கேளுங்க.”

அவர் சென்னைக்காரர், ஆம்பூரில் எந்தக் கம்பெனியிலும் போய்க் கேட்பதாகச் சொல்லவில்லை. உமைமாதான் வந்து என்னைக் கூட்டிப் போனாள். “ஏன் தட்டினேன்னு கேக்க ஆரம்பிச்சா, ஒரு நாள் யாராவது விடாம இருந்துடுவாங்க ஆயா. கை போயிடும்,” என்றாள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இன்றைக்கும் படவில்லை. கிருபை மட்டும் பையில் உடுப்பை மடித்து வைத்துக்கொண்டே, “தட்டினா தட்டினதுதான் அத்தை, வாங்க போலாம்,” என்றாள்.

எலியாஸ் அன்று அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. மறுநாள் ஷிப்டு முடிந்து வரும்போது கழுத்து வலிக்குத் தைலம் வாங்கி வந்தான். பெரிய பாட்டில்.

அவள் நிறுத்திவிட்டாள். வெள்ளை உடுப்பு பீரோவில் கல்யாணப் புடவைக்குக் கீழே போனது. கம்பெனி, வீடு, ஞாயிற்றுக்கிழமை கோவில். எரிச்சல் காட்டவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. மழை விட்ட தெரு மாதிரி அமைதியாக இருந்தாள். ஆனால் ஒரு விஷயம். என் தோசைக்கு அவள் தட்டுவது நின்றுபோனது.

ஒரு நாள் பொறுத்தேன், இரண்டு நாள் பொறுத்தேன். மாவை மாற்றி அரைத்தேன். உளுந்தைக் கூட்டினேன். நல்லெண்ணெய் ஊற்றினேன். சாப்பிட்டுவிட்டு, நல்லா இருக்கு அத்தை என்று வாயால் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. புருஷன்மேல் இருக்கிற கோபத்தை என் தோசையில் காட்டுகிறாள் என்று பத்து நாள் அவளோடு நானும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் முத்துமாரி வந்தாள், அதே மேஜையில் பெட்டி அடுக்குகிறவள்.

“ஆயா, அக்காவுக்கு இன்னா ஆச்சு? லைன்ல தட்டறதே இல்ல. பாஸ் ஆச்சுன்னா தலைய ஆட்டறாங்க. நான் பொட்டியப் பாப்பேனா, அவங்க தலையப் பாப்பேனா? ஜோடி குமிஞ்சு போவுது. சூப்பர்வைசர் ரெண்டு தடவ கத்திட்டாரு.”

“அவ இன்னா சொன்னா?”

“இடது கைய இடுப்புல கட்டினு நிக்கறாங்க ஆயா. கழட்டுங்கக்கான்னா, பழக்கம் போகட்டும்ன்றாங்க.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பதினாறு வருஷம், ஒரு நாளைக்கு அறுநூறு தடவை தட்டின கையை அவள் திருத்திக்கொண்டிருந்தாள். வகுப்புக்குப் போகவில்லை, பாயை மிதிக்கவில்லை, கொடுத்த வாக்கில் ஒரு நூல் பிசகவில்லை. ஆனால் இனிப் போகமாட்டேன் என்று நினைக்கிறவள் எதற்குக் கையைத் திருத்தவேண்டும்? நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. தோசை ஊற்றினேன். தட்டாமல் சாப்பிட்டாள். நான் பேச ஆரம்பித்துவிட்டேன்.

இப்படியே மூன்று மாதம். போன வாரம் உமைமா போன் செய்து, சென்னையில் போட்டி, பெயர் கொடுக்க நாளைதான் கடைசி என்றாள். மறுநாள் கிருபை பெயர் கொடுத்துவிட்டாள். அந்த நாளில்தான் என் கையைப் பிடித்து மடக்கிக் காட்டவும் ஒப்புக்கொண்டாள். அதுவரைக்கும், வாக்குக் கொடுத்திருக்கிறேன் அத்தை என்றே சொல்லிக்கொண்டிருந்தவள். அதை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

நேற்றுக் காலை எலியாஸ் வீட்டில் இருந்தான். பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். இவள் பையை மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள்.

“எங்க?”

“சென்னைல போட்டி. உமைமா மிஸ் ஸ்டேஷன்ல நிக்கறாங்க. நாளைக்கு சாயந்தரம் வந்துடுவேன்.”

அவன் பேப்பரை மடித்தான். “வாக்கு குடுத்தியே கிருபை.”

“குடுத்தேன்.”

நான் குறுக்கே புகுந்தேன். “டேய், மேல உக்காந்தவ எப்படிடா தோத்தவ ஆவா? அவ தோக்கவே இல்ல. அப்புறம் இன்னா வாக்கு?”

“அத்தை, அது வேணாம்,” என்றாள் அவள். “தட்டினேன், தோத்தேன். எப்பவும்னு கேட்டாரு, எப்பவும்னுதான் குடுத்தேன்.” பிறகு அவன் பக்கம் திரும்பினாள். “அத இப்ப ஒடைக்கறேன். தெரிஞ்சுதான் ஒடைக்கறேன். நீங்க கோவப்படலாம், பேசாம இருக்கலாம். எனக்கு இது வேணும்ங்க. மூணு மாசம் இருந்து பாத்துட்டேன். வேணும்.”

எலியாஸ் எழுந்துபோய் வாசலில் நின்றான். எங்கள் வாசல் ஒற்றைக் கதவு. அவன் தொண்ணூறு கிலோ. அவன் நின்றால் கதவு சாத்தின மாதிரிதான்.

“நகருங்க,” என்றாள்.

“இல்லன்னா? என்னையும் சாச்சிடுவியா?”

“மாட்டேன். நீங்க நகர்ற வரைக்கும் இங்கயே நிப்பேன். இந்த ரயில் போயிடுச்சுன்னா அடுத்த ரயில்ல போவேன்.”

அவன் அவளைப் பார்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவள் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை, சுவரில் சாயவும் இல்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று தரம் கூவியது.

“அடுத்தது பதினொண்ணே காலுக்குத்தான்,” என்றான் எலியாஸ். “அதுவும் இன்னிக்கு லேட்டு.”

அப்படிச் சொல்லிவிட்டு ஒருக்களித்து நின்றான். யாரும் அவனைத் தள்ளவில்லை. கிருபை அவனை உரசாமல் வெளியே போய், செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கி ஸ்டேஷன் பக்கமாக நடந்தாள்.